பாலாற்றில் போன கப்பல்

ஆம்பூரில் யார் வீட்டில் நூல் சிக்கிக்கொண்டாலும் அது கடைசியில் நசீமுன்னிசாவின் மடிக்கு வந்து சேரும். கல்யாணத் துப்பட்டாவின் ஜரிகை, கிணற்றுக் கயிறு, பட்டம் விடுகிறவர்களின் மாஞ்சா, எதுவானாலும் சரி. கத்தரிக்கோலைத் தொடாமல் பிரித்துக் கொடுப்பாள். பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும்.

"வெச்சிட்டுப் போ. தலைமேல நின்னா எனக்குக் கை ஓடாது" என்பாள்.

அவளுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. ஒரே மகள் குர்ஷித்தை மேல்விஷாரத்தில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. கணவர் சர்தார் பாஷா, அப்துல் ஹமீத் சாகிபின் டேனரியில் தோல்களைத் தரம் பிரிக்கிறவர். பதனிட்ட ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, அது முதல் தரமா மூன்றாம் தரமா என்று சொல்லிவிடுவார். அவர் பிரித்துக் கட்டுகிற கட்டுகள் ரயிலேறி மெட்ராஸ் போய், அங்கிருந்து லண்டனுக்குப் போகும். காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவார். அதுவரை நசீமுன்னிசா தனியாகத்தான் இருப்பாள்.

முப்பத்திரண்டாம் வருஷம் ரம்ஜான் பெருநாளுக்கு முன்னால் அப்துல் ஹமீத் சாகிப் தம் கிடங்கை ஒழித்துச் சுத்தம் செய்தார். மூலையில் ஒரு நீளமான அட்டைப்பெட்டி கிடந்தது. லண்டனில் அவருடைய தோல்களை ஏலத்தில் விற்றுக் கொடுக்கும் வெள்ளைக்காரர்கள் எப்போதோ அனுப்பிய அன்பளிப்பு. மூடியின்மேல் மூன்று பாய்மரங்களிலும் பாய் விரித்த ஒரு கப்பலின் படம். பெட்டியின் ஒரு முனையை எலி கடித்திருந்தது.

"சர்தார், இத நீ எடுத்துட்டுப் போ. உள்ள கப்பல் இருக்குது போல. வீட்ல அழகா வெச்சிக்கோ" என்றார் முதலாளி.

சர்தார் பாஷா பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு பெருமையாக வீட்டுக்கு வந்தார். கூடத்தில் பாயை விரித்து, அதன்மேல் பெட்டியை வைத்துத் திறந்தார். திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அடடா! கப்பலு உடைஞ்சி போய்டுச்சே நசீமு. லண்டன்லேர்ந்து வர்றதுக்குள்ள தூள் தூளாய்டுச்சு."

உள்ளே கப்பலைக் காணோம். படகு வடிவில் ஒரு கட்டை இருந்தது. ஈர்க்குச்சி போலச் சன்னமாகச் சில, விரல் தடிமனில் சில என்று குச்சிக் கட்டுகள். நூல்கண்டுகள், பித்தளை ஆணிகள், கடுகளவு மணிகள், நான்காக மடித்த ஒரு பெரிய காகிதம். நசீமுன்னிசா ஒரு குச்சியை எடுத்து அதன் முனையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"உடைஞ்சிருந்தா பிசிர் பிசிரா இருக்குமே. இது வேணும்னே அறுத்து வெச்சது. கப்பல நாமதான் செய்யணும் போல இருக்குதுங்க."

"நாமளா? வெள்ளக்காரன் சாமான் அனுப்பிட்டு வேலய நம்ம தலைல கட்டறானா?"

ஆனாலும் அவருக்கு ஆசை விடவில்லை. பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்து, தச்சனிடம் வாங்கிய வஜ்ஜிரப் பசையை அடுப்பில் காய்ச்சினார். வீடே நாறியது. முதல் மரத்தை ஒட்டப் போனவர் மரத்தை விரலோடு ஒட்டிக்கொண்டார். பிடுங்கப் போய்த் தாடியில் கொஞ்சம் ஒட்டியது. நசீமுன்னிசா வெந்நீரில் துணியை நனைத்து அவர் தாடியை விடுவித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் தோள் குலுங்கியது.

"பேஜாரு. எனக்கு வேணாம் இது. தோலுன்னா தோலு, அதோட நிறுத்திக்கிறேன்" என்று அவர் எழுந்துவிட்டார்.

அவர் விட்ட இடத்தில் அவள் உட்கார்ந்தாள். பெரிய காகிதத்தை விரித்தாள். மேலிருந்து பார்த்த கப்பல், பக்கவாட்டில் பார்த்த கப்பல், பாய்களின் அளவு எல்லாம் கோடு கோடாக வரைந்திருந்தது. குர்தாவுக்குத் துணி வெட்டுவதற்கு முன் தாளில் அளவு வெட்டிப் பழகிய கைக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. கோடுகள் புரிந்தன. ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு எண் போட்டு, கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. எதை முதலில் கட்டுவது, எதைப் பிறகு கட்டுவது என்பது அந்த எழுத்துக்குள் இருந்தது.

"உங்க ரயில்வே தோஸ்த் இங்கிலீஷ் படிப்பாரே, அவரக் கூட்டியாங்களேன்" என்றாள்.

ரயில்வே தோஸ்த் என்பது காசிநாதன். ஆம்பூர் ஸ்டேஷனில் சரக்குக் குமாஸ்தா. தோல் கட்டுகளை வண்டியில் ஏற்றுகிற இடத்தில் தொடங்கிய சிநேகம். மெலிந்த மனிதர். எதைப் படித்தாலும் சத்தமாகத்தான் படிப்பார். ஞாயிற்றுக்கிழமை, கக்கத்தில் ஒரு அகராதியோடு வந்து சேர்ந்தார். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே பச்சைத் துணியில் ஒரு திரை தொங்கியது. திரைக்கு இந்தப் பக்கம் ஆண்கள் இருவரும் காகிதத்தோடு உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் நசீமுன்னிசா கட்டையோடும் குச்சிகளோடும் உட்கார்ந்தாள்.

காசிநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். முதல் பத்தி நன்றாகவே போனது. கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும், மரங்களை நேராக நடவும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு வார்த்தையில் நின்றார்.

"ஷ்ரவுட்னு போட்டிருக்கு. இருங்க பாய், பார்த்துச் சொல்றேன்." அகராதியைப் புரட்டினார். முகம் மாறியது.

"இன்னா சார்?"

"பிணத்துக்குப் போர்த்துற துணின்னு இருக்குது."

"கஃபன் துணியா?" சர்தார் பாஷா பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

"அதுக்கு அடுத்தது டெட் ஐ. அதுக்கு அகராதியே வேணாம். செத்த கண்ணு."

"மூடுங்க சார் அந்தக் காகிதத்த! பெருநாளுக்கு வந்த பொட்டி. இதுல மவுத்து சமாச்சாரம் எதுக்கு? பேசாம முதலாளி கிட்டயே திருப்பிக் குடுத்துடறேன்."

திரைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. "ஏங்க, அது படத்துல எந்த இடத்துல இருக்குதுன்னு அண்ணனக் கேளுங்க."

காசிநாதனுக்கு அது நன்றாகவே கேட்டது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. சர்தார் பாஷா அவர் பக்கம் திரும்பி, "படத்துல எந்த இடத்துல இருக்குதுன்னு கேக்கறா" என்றார். காசிநாதன் எண்ணைத் தேடிப் பிடித்து, பென்சிலால் வட்டம் போட்டு, காகிதத்தைத் திரைக்குக் கீழே தள்ளினார். காகிதம் சரசரக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது.

"அண்ணே, இது துணியே இல்ல! மரத்துலேர்ந்து கப்பலோட ஓரத்துக்கு வர்ற கயிறு. மேல ஏர்றதுக்கு ஏணி மாதிரி. செத்த கண்ணுன்றது அந்தக் கயித்தப் பூட்டற வில்ல. மூணு ஓட்ட போட்ட பொத்தான்! இதுக்குப் போயி இப்டியா பேரு வெப்பான்?"

அவள் நேரடியாகப் பேசிவிட்டாள் என்பது மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. சர்தார் பாஷா கை இரண்டையும் விரித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் நேராவே பேசிக்கோங்க. நடுவுல நான் எதுக்கு? எனக்குத் தொண்ட வலிக்குது."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. காசிநாதன் படிப்பார். அகராதி ஏதாவது ஒரு கோணல் அர்த்தம் சொல்லும். அவள் படத்தில் பார்த்து அதற்கு வேறு பேர் வைப்பாள். ஏணிக்கயிறு, பொத்தான், தொட்டில் கயிறு, மூக்குக் குச்சி. நங்கூரத்தைத் தொங்கவிடும் கட்டைக்கு இங்கிலீஷில் பூனைத்தலை என்று பேர் என்றார் காசிநாதன். "அது இருக்கட்டும், பூன நல்லதுதான்" என்று அதை மட்டும் அவள் மாற்றவில்லை. சில சமயம் இருவருக்கும் சண்டை வரும். பின்மரத்துக் கயிறு முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று ஒரு ஞாயிறு முழுக்க வாதாடினார்கள். அடுத்த வாரம் காசிநாதன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "தங்கச்சி, நான்தான் தப்பாப் படிச்சிட்டேன். பின்னாலதான்" என்றார். அதற்குள் அவள் அவர் சொன்னபடி முன்னால் கட்டி முடித்திருந்தாள். இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

நூல்தான் அவளுடைய ராஜ்யம். பெட்டியில் வந்த நூலில் பிசிர் இருந்தது. அமிர்திக் காட்டுப் பக்கத்திலிருந்து தேன் கொண்டுவந்து விற்பவனிடம் மெழுகு வாங்கி, ஒவ்வொரு இழையையும் அதில் இழுத்து மழமழப்பாக்கினாள். ஏணிக்கயிற்றின் குறுக்குப் படிகளை ஊசிமுனையில் முடிந்தாள். சமையல் முடிந்து அடுப்பு அணைந்ததும் உட்கார்ந்தால், சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதுதான் தலை நிமிர்வாள். ஒரு படி சரியாக விழுந்தால் தனக்குத்தானே, "ஷாபாஷ்" என்று சொல்லிக்கொள்வாள்.

பாய்த்துணியை எலி கடித்துச் சல்லடையாக்கியிருந்தது. பெட்டியில் வந்த காகிதக் கொடியையும் அது விடவில்லை. நசீமுன்னிசா தன் பழைய மல் துப்பட்டாவை எடுத்து அளவு பார்த்து வெட்டினாள். வெள்ளை வெளேரென்று இருந்த துணி அவளுக்குப் பிடிக்கவில்லை. கணவரிடம் ஒரு சொம்பைக் கொடுத்து அனுப்பினாள். டேனரியில் தோல் ஊறும் ஆவாரம்பட்டைச் சாற்றை அவர் அதில் மொண்டு வந்தார். துணி அதில் ஊறி எழுந்தபோது இளம் பழுப்பில், வெயில் பட்ட கோதுமை நிறத்தில் இருந்தது. கொஞ்சம் விறைப்பும் கூடியிருந்தது. "துணியப் பதம் போட்டவ ஆம்பூர்லயே நீ ஒருத்திதான்" என்றார் சர்தார் பாஷா. கொடிக்கு, குர்ஷித்தின் கல்யாண ரவிக்கை தைத்து மிஞ்சிய சிவப்பு சாட்டினில் ஒரு துண்டு.

கோடை முடிவதற்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. மத்தியான வேளையில் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் வந்தவர் ஹலீமா பீ. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். அந்தத் தெருவில் கப்பல் ஏறிய ஒரே பெண். அதனால் அவர் சொல்வதற்கு ஒரு மதிப்பு இருந்தது. கப்பலைச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். கடைசியில் கேட்டார்.

"புகைக்கூண்டு எங்கடி?"

"இது காத்துல போற கப்பலு ஹலீமா பீ. புகை வராது."

"காத்து நின்னுட்டா?"

"கப்பலும் நிக்கும்."

"அப்புறம்?"

"காத்து வர்ற வரைக்கும் நிக்கும்."

ஹலீமா பீ உதட்டைப் பிதுக்கினார். "அப்ப ஹஜ்ஜுக்கு ஆகாது. காலா காலத்துல போய்ச் சேர முடியாது." ஆனால் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மெழுகுத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நூலை இழுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். ஜித்தா போகிற வழியில் கப்பல் ஆடிய ஆட்டத்தையும், கூட வந்த பெண்கள் எல்லாரும் வாந்தியெடுத்துக் கிடந்தபோது தான் மட்டும் உட்கார்ந்து ஊறுகாயோடு சோறு தின்றதையும் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

ஆவணியில் கப்பல் முடிந்தது. ஒரு முழம் நீளம். பழுப்புப் பாய்கள், கறுப்புக் கயிறுகள், உச்சியில் சிவப்புக் கொடி. சர்தார் பாஷா திரையை விலக்கி அதைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தபோது காசிநாதன் எழுந்துவிட்டார். சத்தமாகவே பேசிப் பழகிய மனிதர் மெதுவாக, "நான் படிச்சதா இது?" என்று கேட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நசீமுன்னிசாவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"அண்ணே, இது தண்ணில நிக்குமா?"

காசிநாதன் காகிதத்தின் கடைசி வரியைப் படித்தார். "அலமாரில அலங்காரமா வெக்கறதுக்கு மட்டும்னு போட்டிருக்கான்."

"அலமாரில நிக்கறதுக்கு இத்தினி கயிறு எதுக்கு? எல்லாத்தயும் இழுத்தா இழுபடற மாதிரிதானே கட்டச் சொன்னான்?"

பிரியாணி செய்கிற பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பினார்கள். கப்பலை அவளே இரண்டு கையாலும் இறக்கினாள். கையை எடுத்ததும் அது பக்கவாட்டில் சாய்ந்து பொத்தென்று படுத்துக்கொண்டது. மறுபடி நிமிர்த்தினாள். மறுபக்கம் சாய்ந்தது. அன்று முழுவதும் அவள் நனைந்த பாய்களைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். இரவு சாப்பாட்டின்போது சர்தார் பாஷா, "தல கனம் ஜாஸ்தி, கால் கனம் கம்மி. அவ்ளோதான் விஷயம். தோல் கட்ட ஒசரமா அடுக்கினாலும் இப்டித்தான் சாயும்" என்றார். அவள் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அப்ப காலுக்குக் கனம் குடுத்தா?"

கனத்துக்கு ஈயம் வேண்டும். அது காசிநாதனிடம் இருந்தது. சரக்கு வண்டிகளின் கதவைப் பூட்டி, கம்பியில் ஈய வில்லை கோத்து முத்திரை அடிப்பார்கள். வண்டி வந்து சேர்ந்ததும் அதை வெட்டி எறிந்துவிடுவார்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, வெட்டிப்போட்ட வில்லைகளை ஒரு தகர டப்பா நிறைய அவர் கொண்டுவந்தார். முற்றத்தில் இரும்புக் கரண்டியில் அவற்றை உருக்கி, ஈர மணலில் கீறிய பள்ளத்தில் சர்தார் பாஷா ஊற்றினார். ஆறியபின் கப்பலின் அடியில் நீளமாகத் திருகாணி வைத்துப் பூட்டினார்கள். மறுபடி அண்டா. இந்தத் தடவை கப்பல் ஒரு முறை இந்தப் பக்கம் சாய்ந்தது, ஒரு முறை அந்தப் பக்கம் சாய்ந்தது, பிறகு நிமிர்ந்து நின்றது. ஹலீமா பீ விசிறியை எடுத்து வீசினார். பாய்கள் புடைத்தன. கப்பல் அண்டாவின் குறுக்கே போய் மறுபக்கம் டங்கென்று முட்டியது.

"ஆத்துல விடணும்" என்றாள் நசீமுன்னிசா.

ஆறு என்றால் பாலாறு. வருஷத்தில் பெரும்பாலான நாள் அதில் மணல்தான் ஓடும். ஐப்பசி பிறந்து, மேற்கே மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் டேனரி ஆள் ஒருவன் ஓடிவந்து, "தண்ணி வந்துடுச்சு!" என்று சொல்லிவிட்டுப் போனான். வேகம் தணிய ஒரு வாரம் காத்திருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆற்றங்கரையில் திருவிழாக் கூட்டம். துணி கட்டிய மாட்டு வண்டியில் தெருப் பெண்கள் வந்து இறங்கினார்கள். காசிநாதன் மனைவி மீனாம்பாளோடு வந்திருந்தார். டேனரி ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர்களை அதட்ட வந்த அப்துல் ஹமீத் சாகிபும் அங்கேயே நின்றுவிட்டார். ஆண்கள் மேட்டில் நிற்க, பெண்கள் தண்ணீர் ஓரத்துக்குப் போனார்கள். நசீமுன்னிசா புர்காவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் அளவு தண்ணீரில் இறங்கி, கப்பலை மெல்ல விட்டாள். அதன் பின்புறத்தில் நீளமான ஒரு நூல் கட்டி, கட்டையில் சுற்றி வைத்திருந்தது. கப்பல் போகப் போக அவள் நூலை விட்டுக்கொடுத்தாள்.

மேல்காற்று வந்தது. ஒன்பது பாய்களும் ஒன்றாகப் புடைத்தன. கரையிலிருந்து ஓ என்று ஒரு சத்தம் எழுந்தது. கப்பல் தலையை ஆட்டிக்கொண்டு, அலையை வெட்டிக்கொண்டு நடு ஆற்றைப் பார்த்துப் போனது. நூல்கட்டை அவள் கையில் விர்ரென்று சுழன்றது. சுழன்று சுழன்று, திடீரென்று சும்மா நின்றது. கட்டையில் நூலே இல்லை.

"ஏங்க! நூலோட முனைய நீங்க கட்டையில முடியலியா?"

மேட்டிலிருந்து பதில் வந்தது. "நான் எதுக்கு முடியறேன்? முடிச்சு போடறதெல்லாம் நீதானே!"

கப்பல் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நூலை வால் போல இழுத்துக்கொண்டு வெள்ளத்தின் போக்கில் போனது. டேனரி ஆட்கள் கரையோரமாக ஓடினார்கள். நசீமுன்னிசாவும் ஓடினாள். ஹலீமா பீ, "ஓடு நசீமு, ஓடு!" என்று பின்னாலிருந்து கத்தினார். வளைவு வரைக்கும் ஓடினார்கள். அங்கே கருவேலமுள் வழி மறித்தது. தூரத்தில் சிவப்புக் கொடி ஒரு புள்ளியாகத் தெரிந்து, பிறகு தெரியவில்லை.

சர்தார் பாஷா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். இவ்வளவு மாத வேலை போயிற்றே, அவள் அழுவாளே என்று பயந்துகொண்டே வந்தார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தீங்களா? எப்டிப் போச்சு பார்த்தீங்களா! ஒரு பக்கமும் சாயல!"

காசிநாதன் நேரே ஸ்டேஷனுக்குப் போனார். சரக்கு வண்டி எதுவும் இல்லாத சமயங்களில் தந்திக் குமாஸ்தாக்கள் கம்பி வழியாக ஊர்க்கதை பேசுவதுண்டு. ஆற்றையொட்டிக் கிழக்கே போகிற பாதையில் உள்ள ஸ்டேஷன்களுக்கெல்லாம் ஒரு செய்தி போனது: மூன்று மரக் கப்பல் ஒன்று ஆம்பூரிலிருந்து புறப்பட்டிருக்கிறது, பழுப்புப் பாய், சிவப்புக் கொடி, கண்டால் தெரிவிக்கவும். மேல்பட்டியிலிருந்து, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். வளத்தூரிலிருந்து, மெட்ராஸ் துறைமுகத்தைக் கேட்கவும் என்று பதில் வந்தது. காசிநாதன் பதில் வர வர அதை நசீமுன்னிசாவுக்குச் சொல்லியனுப்பினார். அவள் அதற்கும் சிரித்தாள்.

அடுத்த வாரம் குடியாத்தத்திலிருந்து செய்தி வந்தது. கப்பல் கரை சேர்ந்தது. பள்ளிகொண்டாப் பக்கத்திலிருந்து வேர்க்கடலை மூட்டை போட வந்த ராமலிங்கம் என்ற குடியானவர், தம் வீட்டில் ஒரு கப்பல் இருப்பதாக ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார்.

நசீமுன்னிசாவும் சர்தார் பாஷாவும், கூடவே விடுப்பு எடுத்துக்கொண்டு காசிநாதனும், குடியாத்தம் ஸ்டேஷனில் இறங்கி வண்டி பிடித்துப் போனார்கள். ராமலிங்கத்தின் வீடு ஆற்றங்கரைக் கொல்லையை ஒட்டி இருந்தது. உள்ளே ஒரு மணைப்பலகையின்மேல் கப்பல் நின்றது. நடுமரம் பாதியில் முறிந்திருந்தது. முனையில் மஞ்சளும் குங்குமமும் வைத்து ஒரு சாமந்திப்பூ செருகியிருந்தது.

ராமலிங்கத்தின் மனைவி ஜெயம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நாணல்ல மாட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. ரங்கநாதருக்கு யாரோ நேந்து விட்டதுன்னு நெனச்சோம். அவரு கடல்ல படுத்திருக்கறவரு, அவரத் தேடிக் கப்பல் வர்றது நாயந்தானே? கோயில்ல சேத்துடலாம்னு இவரு சொன்னாரு. ஐயரு, இதச் செஞ்சவங்க தேடி வருவாங்க, வெச்சிருங்கன்னுட்டாரு. குங்குமம் வெச்சிட்டேன். தப்பா நெனச்சிக்காதீங்க."

"புள்ளயப் பத்திரமா வெச்சிருந்தீங்க. இதுல தப்பு இன்னா இருக்குது?" என்றபடி நசீமுன்னிசா குனிந்து கயிறுகளைப் பார்த்தாள். ஆற்றில் உருண்டு, நாணலில் மாட்டிய கப்பலின் கயிறுகள் கொச கொசவென்று இருக்க வேண்டும். அப்படி இல்லை. ஒவ்வொன்றும் பிரித்து நேராக்கி வைத்திருந்தது. ஒன்றும் அறுபடவில்லை.

"இத யாரு பிரிச்சது?"

"நான்தாம்மா. கொல்ல வேல முடிச்சி வந்து உக்காந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்தேன். அறுத்துட மனசு வரல. எல்லாம் வந்துடுச்சு, இந்த ஏணிப்படி முடிச்சு மட்டும் எப்டிப் போட்டதுன்னே புரியல. சொல்லிக் குடுக்கிறீங்களா?"

நசீமுன்னிசா அவள் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு ஆண்கள் வெளியே போனதும் புர்காவைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஊசி கேட்டாள். ஆண்கள் வெளியே கொல்லையில் வேர்க்கடலை விலையைப் பேசி முடித்து, மழையைப் பேசி முடித்து, பேச ஒன்றுமில்லாமல் வாசலிலிருந்து குரல் கொடுத்தபோதும் பெண்கள் எழுந்திருக்கவில்லை. ஜெயம்மாள் கேழ்வரகு அடை சுட்டுப் போட்டாள். நசீமுன்னிசா கொண்டுவந்திருந்த கோதுமை அல்வாவை எல்லாரும் சாப்பிட்டார்கள். புறப்படும்போது, "உங்களுக்கும் ஒண்ணு செஞ்சி எடுத்துட்டு வர்றேன்" என்றாள் நசீமுன்னிசா. "ஆத்துல விட்டா தானா வந்துடுமே" என்றாள் ஜெயம்மாள்.

ரயிலில் பெண்கள் பெட்டியில் கப்பலை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தபோது, டிக்கெட் பரிசோதகர் வந்து, இதற்கு லக்கேஜ் சீட்டு எங்கே என்று கேட்டார். பக்கத்துப் பெட்டியிலிருந்து இறங்கி ஓடிவந்த காசிநாதன், "ரயில்வே விதில கப்பலுக்குக் கட்டணம் போட்டிருந்தா காட்டுங்க, கட்டிடறேன்" என்றார். பெட்டியில் இருந்த பெண்கள் எல்லாரும் நசீமுன்னிசாவின் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பரிசோதகர் கப்பலை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் முறிந்த பாய்மரத்துக்குப் பதிலாக அவள் புது மரம் நட்டாள். அப்துல் ஹமீத் சாகிப் அந்தக் கப்பலைத் தம் ஆபீசில் வைக்கக் கேட்டார். அதைத் தர அவளுக்கு மனம் வரவில்லை. "முதலாளி இன்னும் ரெண்டு பொட்டி வரவழைச்சா, ஒண்ணு அவருக்கு, ஒண்ணு பள்ளிகொண்டாவுக்கு" என்று கணவரிடம் சொல்லியனுப்பினாள். சாகிப் உடனே லண்டனுக்கு எழுதினார்.

அடுத்த கோடையில் பெட்டிகள் வந்தன. காசிநாதன் அகராதியோடு வந்து, திரைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காகிதத்தை விரித்தார். தொண்டையைச் செருமினார். படிக்கவில்லை. காகிதத்தைத் திருப்பினார். மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார்.

"தங்கச்சி, இது இங்கிலீஷே இல்ல. ஜெர்மன்காரன் செஞ்ச பொட்டி போல. எழுத்துகூட வேற மாதிரி இருக்குது. ஒரு வார்த்தையும் புரியல." அகராதியைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்ப நான் இன்னாத்துக்கு வந்தேன்?" என்றார்.

திரை அசைந்தது. அதன் அடியிலிருந்து மூன்று நூல்முனைகள் வெளியே வந்தன.

"இத இறுக்கிப் பிடிங்க அண்ணே. இந்தக் கப்பலுக்குத் தடிக் கயிறு வேணும், நான் முறுக்கறேன். விட்டுடாதீங்க, விட்டா எல்லாம் பிரிஞ்சிடும். படத்த அப்புறம் பார்த்துக்கலாம்."

காசிநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அகராதியின்மேல் வைத்தார். மூன்று முனைகளையும் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, காலை ஊன்றி உட்கார்ந்தார்.

"பிடிச்சாச்சு" என்றார், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி.